முடிவெடுப்பதற்கு முன் ஆலோசனை கேட்பது எப்படி? வேதம் காட்டும் வரிசையில் ஒரு முழுமையான வழிகாட்டி

"பெரியவங்க கிட்ட கேட்டுச் செய்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். எப்போது கேட்பது, யாரிடம் கேட்பது, கையில் எதை வைத்துக்கொண்டு போய்க் கேட்பது என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை. ஆராதனை முடிந்து சபையில் வாலிபர்களோடு உட்கார்ந்து பேசும் வேலையைச் செய்துவருகிறேன். அதில் திரும்பத் திரும்பப் பார்க்கிற விஷயம் ஒன்றுதான்: அட்வான்ஸ் கொடுத்த பிறகு வருகிறார்கள், ராஜினாமா எழுதிக் கொடுத்த பிறகு வருகிறார்கள், இரண்டு வீட்டிலும் பேசி முடித்த பிறகு "நீங்க என்ன நினைக்கிறீங்க அண்ணா?" என்று கேட்கிறார்கள். வரிசை மாறிப்போனால் நல்ல ஆலோசனைகூட உதவாது. அதனால் இங்கே வரிசையைத்தான் அதிகம் சொல்லப்போகிறேன்.

வெறும் தத்துவமாகப் போய்விடக் கூடாது என்பதற்காக, நம் ஊர்களில் அடிக்கடி வரும் ஒரு கேள்வியையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன்: வளைகுடாவில் வேலை வந்திருக்கிறது, போகலாமா வேண்டாமா. கல்யாணம், வீட்டுக் கடன், படிப்பு, ஊழியம் எதுவானாலும் படிகள் இவைதான்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு நோட்டு, பேனா, வேதாகமம், பதில் சொல்ல வேண்டிய கடைசித் தேதி. அந்தத் தேதி தெரியவில்லையென்றால் முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். "இன்னைக்கே சொல்லணும்" என்று எதிர்த்தரப்பு நெருக்கினால், அந்த அவசரத்தையே எழுதிவைக்க வேண்டிய ஒரு தகவலாக எடுத்துக்கொள்ளுங்கள். கல்யாணமானவர் என்றால் மனைவிக்கோ கணவருக்கோ விஷயம் முழுதாகத் தெரிந்திருக்க வேண்டும். வீட்டுக்குத் தெரியாமல் வெளியே ஆலோசனை கேட்கப் போகாதீர்கள். நாளைக்கு அதுவே தனிப் பிரச்சினையாகும்.

1. இது ஆலோசனை கேட்கிற விஷயம்தானா என்று பாருங்கள்

வேதம் தெளிவாக "செய்யாதே" என்று சொன்ன காரியத்துக்கு ஆலோசனை தேவையில்லை. "ரெண்டு வருஷ எக்ஸ்பீரியன்ஸ் சர்டிஃபிகேட் நாங்களே ரெடி பண்ணித் தர்றோம்" என்று ஏஜென்ட் சொன்னால், அது பொய். பத்துப் பேரிடம் கேட்டாலும் பொய்தான்.

இந்தப் படியை முதலில் வைப்பதற்குக் காரணம், நாம் சில சமயம் அனுமதி தேடிக்கொண்டு ஆள் ஆளாகப் போவோம். எண்ணாகமம் 22-ல் பிலேயாமைப் பாருங்கள். இஸ்ரவேலைச் சபிக்க வரச் சொல்லி மோவாப் ராஜா பாலாக் அவனிடம் ஆள் அனுப்புகிறான். "நீ அவர்களோடே போகவேண்டாம்" என்று தேவன் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். பாலாக் முன்னைவிடக் கனமுள்ள பிரபுக்களை அனுப்பியதும், அதே கேள்வியோடு பிலேயாம் மறுபடி போய் நிற்கிறான். பதில் தெரிந்த கேள்வியை இரண்டாவது ஆளிடம் கொண்டுபோகிறீர்களா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

2. முடிவு உண்மையிலேயே திறந்திருக்கிறதா என்று சோதியுங்கள்

என் அனுபவத்தில் மிக அதிகம் பேர் தடுக்கி விழுகிற இடம் இது. எரேமியா 41 முதல் 43 வரை ஒரே மூச்சில் வாசித்துப் பாருங்கள். எருசலேம் விழுந்த பிறகு, கரேயாவின் குமாரனாகிய யோகனானும் மீந்திருந்த ஜனங்களும் எரேமியாவிடம் வந்து, நாங்கள் எந்த வழியில் போக வேண்டும் என்று கர்த்தரிடம் கேட்டுச் சொல்லும், நன்மையானாலும் தீமையானாலும் கீழ்ப்படிகிறோம் என்கிறார்கள். கேட்கும்போது நெகிழ்ந்துவிடுவோம். ஆனால் 41-ம் அதிகாரத்தின் கடைசியைப் பார்த்தால், அவர்கள் ஏற்கனவே எகிப்துக்குப் போகிற நோக்கத்தோடு கிளம்பி, பெத்லகேமுக்கு அருகில் வந்து தங்கியிருந்தவர்கள். பத்து நாள் கழித்து, தேசத்திலேயே இருங்கள் என்று பதில் வருகிறது. உடனே "நீ பொய் சொல்லுகிறாய்" என்று எரேமியாவின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு எகிப்துக்குப் போகிறார்கள், எரேமியாவையும் கூட்டிக்கொண்டு.

கேட்கிற வார்த்தைகள் அத்தனையும் சரியாக இருந்தன, மூட்டை மட்டும் முன்பே கட்டியாகிவிட்டது.

சோதனை இப்படி: நோட்டில் "போகலாம்" என்று ஒரு வரி, "வேண்டாம்" என்று ஒரு வரி எழுதுங்கள். நான் மதிக்கிற ஒருவர் "வேண்டாம்" என்று சொன்னால் என்னால் நிற்க முடியுமா? முடியாது என்றால் அதை நேர்மையாக எழுதிவிட்டு, ஏன் முடியாது என்றும் எழுதுங்கள். பெரும்பாலும் அங்கே ஒரு பயமோ அவமானமோ உட்கார்ந்திருக்கும்: கடன்காரர் வாசலுக்கு வருவது, உடன் படித்தவர்கள் எல்லாம் வெளிநாட்டில் இருப்பது. அப்படியானால் நீங்கள் ஆலோசனை கேட்க வேண்டிய உண்மையான விஷயம் கடன்தான், வேலை அதற்குப் பிறகுதான் வரும்.

இன்னொன்று, முடிவைப் பூட்டிவிடுகிற எதையும் இந்தக் கட்டத்தில் செய்யாதீர்கள். பணம் கட்டாதீர்கள், பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு வராதீர்கள், சொந்தக்காரர்களிடம் சொல்லாதீர்கள். சொல்லிவிட்டால் பின்வாங்க மானம் தடுக்கும்.

3. மனிதரிடம் போகும் முன் ஜெபத்தில் உட்காருங்கள்

யோசுவா 9-ல் கிபியோனியர் பூசணம் பூத்த அப்பத்தையும் பீறலான துருத்திகளையும் கொண்டுவந்து தூர தேசத்திலிருந்து வருகிறோம் என்றார்கள். இஸ்ரவேலின் தலைவர்கள் அப்பத்தைப் பரிசோதித்தார்கள், கர்த்தருடைய வாக்கைக் கேட்கவில்லை. உடன்படிக்கை பண்ணி மூன்று நாளில் அவர்கள் பக்கத்து ஊர்க்காரர்கள் என்று தெரிந்தது. விசாரித்தார்கள்தான். ஆனால் விசாரணை அங்கேயே நின்றுவிட்டது.

ஜெபத்தை முதலில் வைப்பதற்கு நடைமுறைக் காரணமும் உண்டு. சில நாட்கள் ஜெபித்தால் கேள்வியே மாறிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். "எவ்வளவு சம்பளம்" என்று தொடங்கியவர் "என் பிள்ளை பிறக்கும்போது நான் எங்கே இருக்க வேண்டும்" என்று வந்து நிற்பார். அப்படி மாறிய கேள்வியோடு போனால் வருகிற ஆலோசனையும் வேறாக இருக்கும். யாக்கோபு 1:5 சொல்கிறபடி, ஞானத்தில் குறைவுள்ளவன் தேவனிடத்தில் கேட்கலாம், அவர் கடிந்துகொள்ளமாட்டார். இதை நம்பி உட்காருங்கள்.

இங்கே வருகிற தவறுகள்: கண்ணை மூடி வேதத்தைத் திறந்து விரல் பட்ட வசனத்தைப் பதிலாக எடுத்துக்கொள்வது. புத்தாண்டு ஆராதனையில் கிடைத்த வாக்குத்தத்த அட்டையில் "புறப்பட்டுப் போ" என்று இருந்தது என்பதற்காக விமான டிக்கெட் போடுவது. அந்த வசனம் யாருக்கு, எந்தச் சூழலில் சொல்லப்பட்டது என்று முழு அதிகாரத்தையும் வாசியுங்கள். ஆட்டுத்தோலைக் களத்தில் போட்டு அதில் பனி விழுகிறதா என்று பார்த்த கிதியோனைப்போல அடையாளம் போடுகிறேன் என்பவர்கள் நியாயாதிபதிகள் 6-ஐ மறுபடி பார்க்க வேண்டும். தோலைப் போடுவதற்கு முன்பே தேவன் அவனோடு பேசிவிட்டார். "தேவரீர் சொன்னபடி" என்று அவனே சொல்கிறான். தெரியாத சித்தத்தைக் கண்டுபிடிக்கிற வழியாக அந்தப் பகுதி எழுதப்படவில்லை.

4. விஷயத்தை ஒரே பக்கத்தில் எழுதுங்கள்

சோம்பல்படாமல் செய்யுங்கள். "காரியத்தைக் கேட்குமுன் உத்தரம் சொல்லுகிறவனுக்கு, அது புத்தியீனமும் வெட்கமுமாயிருக்கும்" என்கிறது நீதிமொழிகள் 18:13. நாம் பாதி விஷயத்தைச் சொன்னால், நல்ல மனிதரைக்கூட அந்த நிலைக்குத் தள்ளிவிடுகிறோம். கோபுரம் கட்டப் போகிறவன் முதலில் உட்கார்ந்து செல்லும் செலவைக் கணக்குப் பார்ப்பான் என்று இயேசுவும் லூக்கா 14:28-ல் சொன்னார்.

"துபாயில் வேலை வந்திருக்கு, போகலாமா?" என்பதில் ஒன்றுமே இல்லை. ஒரு உதாரணப் பக்கம் இப்படி இருக்கலாம்:

"கிடங்கில் மேற்பார்வை வேலை. சம்பளம் மாதம் 2,000 திர்ஹாம். தங்க இடம் கம்பெனி தரும், சாப்பாடு என் செலவு. இங்கே இப்போது 22,000 ரூபாய் வாங்குகிறேன். 2 வருட ஒப்பந்தம் என்கிறார்கள், தாள் இன்னும் கைக்கு வரவில்லை. விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று ஏஜென்ட் சொல்கிறார். அவருக்கு 90,000 ரூபாய், அதில் 60,000 வட்டிக்கு வாங்க வேண்டும். மனைவிக்கு ஐந்தாம் மாதம். அப்பாவுக்குச் சர்க்கரை, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக நான் ஒருவன்தான். போக வேண்டும் என்றுதான் மனது சொல்கிறது, அண்ணன் போய் வீடு கட்டிவிட்டார் என்பது ஒரு காரணம். பதில் சொல்லக் கடைசி நாள் 25-ம் தேதி."

இதில் உங்கள் மனது எந்தப் பக்கம் சாய்கிறது என்று சொல்லும் வரியை உங்கள் பிரதியில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கேட்கப் போகும்போது முதலிலேயே அதைச் சொல்லாதீர்கள், காரணம் 6-ம் படியில் வருகிறது. மற்றதெல்லாம், முக்கியமாக வெட்கமாக இருக்கிற விஷயம், பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். மறைத்துவிட்டுக் கேட்கிற ஆலோசனை வேறு யாருடைய வாழ்க்கைக்கோ சொல்லப்பட்டது போலத்தான்.

5. ஆட்களைத் தேர்ந்தெடுங்கள், அவர்கள் என்ன சொல்வார்கள் என்று யோசிக்கும் முன்

"அநேக ஆலோசனைக்காரர் உண்டானால் சுகம் உண்டாகும்" (நீதிமொழிகள் 11:14). அநேகர் என்றால் ஊர் முழுக்க என்று அர்த்தமில்லை. மூன்றிலிருந்து ஐந்து பேர் போதும், ஆனால் அவர்கள் ஒரே மாதிரி ஆட்களாக இருக்கக் கூடாது.

அந்தத் துறை தெரிந்தவர் ஒருவர் கட்டாயம் வேண்டும். மேலே உள்ள பக்கத்தை வளைகுடாவில் பல வருஷம் வேலை பார்த்துத் திரும்பிய ஒருவரிடம் காட்டினால், அவர் கண் நேராக இரண்டு இடத்துக்குப் போகும். விசிட் விசாவில் வேலை செய்வது அமீரகச் சட்டப்படி குற்றம், பிடிபட்டால் மாட்டிக்கொள்வது நீங்கள்தான். அடுத்தது அந்த 90,000. பதிவுபெற்ற ஏஜென்ட் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் கட்டணமாக வாங்கலாம், அவர் பதிவு பெற்றவர்தானா என்பதை வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பார்த்துவிடலாம். உங்கள் போதகர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. அவரிடம் கேட்க வேண்டியது வேறு: உங்கள் ஆவிக்குரிய வாழ்க்கை, உங்கள் பலவீனம், அங்கே ஐக்கியத்துக்கு என்ன வழி.

உங்களை நெடுநாளாகத் தெரிந்த ஒருவர் வேண்டும். நீங்கள் எங்கே ஏமாறுவீர்கள், எதற்கு அவசரப்படுவீர்கள் என்பது அவருக்குத் தெரியும்.

முடிவின் சுமையைச் சுமக்கப்போகிறவர் வேண்டும். நம் வீடுகளில் ஆண்கள் அதிகம் தாண்டிப்போகிற ஆள் மனைவிதான். 1 சாமுவேல் 25-ல் நாபாலின் வீட்டை அழிக்க நானூறு பேரோடு கிளம்பிய தாவீதை வழியில் நிறுத்தியது அபிகாயில் என்ற பெண்ணின் ஆலோசனை, அதற்காக அவன் கர்த்தரை ஸ்தோத்திரித்தான். ஐந்து மாதக் கர்ப்பிணியாக இருக்கிற மனைவியிடம் "உனக்கு என்ன தோணுது" என்று கேட்டு, அவள் பேசி முடிக்கும்வரை இருங்கள்.

தங்கைகளுக்கு ஒரு வார்த்தை: உங்கள் பட்டியலில் ஒரு மூத்த சகோதரியாவது இருக்கட்டும். தீத்து 2 அந்தப் பொறுப்பை முதிர்வயதுள்ள ஸ்திரீகளுக்குக் கொடுத்திருக்கிறது.

யார் வேண்டாம்? உங்கள் முடிவால் லாபம் பெறுகிறவர். ஏஜென்ட் தகவல் தரலாம், ஆலோசனை தர முடியாது. பக்தியுள்ள உறவினராகவே இருந்தாலும், நீங்கள் அனுப்பும் பணத்தை எதிர்பார்க்கிறவர் என்றால் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வயதுக்காரர்கள் மட்டும் போதும் என்றும் இருந்துவிடாதீர்கள். சாலொமோனின் மகன் ரெகொபெயாமின் கதை (1 இராஜாக்கள் 12) நமக்குத் தெரியும், ஆனால் அதில் வரிசையைக் கவனியுங்கள்: ஜனங்கள் கேட்டபடி அவர்கள் சுமையைக் குறைக்கலாமா என்று சாலொமோனுக்கு முன் நின்ற முதியோரிடம் முதலில் கேட்டான், அவர்கள் சொன்னதைத் தள்ளிவிட்டான், அதன் பிறகுதான் தன்னோடு வளர்ந்த வாலிபரிடம் போனான். தனக்குப் பிடித்த பதில் வரும்வரை ஆள் மாற்றினான். பத்துக் கோத்திரங்கள் போயின. ராஜாவானபோது அவனுக்கு வயது 41, சின்னப் பையன் இல்லை.

நல்ல ஆலோசனைக்காரர் எப்படி இருப்பார் என்று பார்க்க யாத்திராகமம் 18-ஐ எடுங்கள். மோசே ஒருவராகவே ஜனங்களுக்கு நியாயம் தீர்ப்பதை அவருடைய மாமனார் எத்திரோ முதலில் ஒரு நாள் முழுக்கப் பார்க்கிறார். அப்புறம், இது என்ன, ஏன் இப்படி என்று மோசேயிடம் கேள்வி கேட்கிறார். பதிலைக் கேட்ட பிறகே "நீர் செய்கிற காரியம் நல்லதல்ல" என்கிறார், அதோடு விடாமல் ஆயிரம், நூறு, ஐம்பது, பத்துப் பேருக்கு அதிபதிகளை வைக்கும் திட்டத்தையும் கொடுக்கிறார், கடைசியில் தேவனும் அப்படிக் கட்டளையிட்டால் என்று சொல்லித் தன் ஆலோசனையைத் தேவனுக்குக் கீழே வைக்கிறார். உங்களிடம் ஒரு கேள்விகூடக் கேட்காமல் பதில் சொல்கிறவரின் பதிலுக்கு எடை குறைவு.

6. தனித்தனியாக, நேரில், உங்கள் விருப்பத்தைச் சொல்லாமல் கேளுங்கள்

வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுக் கேட்காதீர்கள். முதலில் பேசியவரை ஒட்டியே அடுத்தவர்களும் பேசுவார்கள். ஒருவரிடம் இன்னொருவர் சொன்னதையும் சொல்லாதீர்கள். "பாஸ்டர் போகலாம்னு சொல்லிட்டார், நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டால், யார் வாய் திறந்து வேண்டாம் என்பார்?

ஆகாப் ராஜா நானூறு தீர்க்கதரிசிகளைக் கூட்டினான் (1 இராஜாக்கள் 22). நானூறு பேரும் ராமோத்துக்கு யுத்தத்துக்குப் போம் என்றார்கள். மிகாயா என்ற இன்னொரு தீர்க்கதரிசியை அழைக்கப் போன ஆள் வழியிலேயே, எல்லோரும் ஒரே வாயாக நன்மை சொல்கிறார்கள், நீரும் அப்படியே சொல்லும் என்று சொல்லிவைக்கிறான். நாம் பேச்சின் ஆரம்பத்திலேயே நம் ஆசையைச் சொல்லும்போது அந்த ஆளின் வேலையைத்தான் செய்கிறோம். நல்லவர்கள் நம் மனதை நோகடிக்க விரும்பாமல் ஒதுங்கிவிடுவார்கள்.

எழுதிய பக்கத்தைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். "போகலாமா?" என்பதைவிட இவை பயன்படும்: "இதில் நான் பார்க்காமல் விட்டது என்ன?" "எது நடந்தால் இது தப்பாகப் போகும்?" "என் குணத்துக்கு இதில் எங்கே ஆபத்து?" "வேறு யாரிடம் கேட்கச் சொல்வீர்கள்?" கேட்டுவிட்டு, பேச்சின் முடிவில் வேண்டுமானால் உங்கள் சாய்வைச் சொல்லி, அதைப் பற்றியும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அவர் பேசும்போது மறுத்து வாதாடாதீர்கள். புரியாததைக் கேளுங்கள், எழுதிக்கொள்ளுங்கள், நன்றி சொல்லி எழுந்து வாருங்கள். சொன்னது வலித்தால் அன்றைக்கு எதுவும் தீர்மானிக்க வேண்டாம், "சிநேகிதன் அடிக்கும் அடிகள் உண்மையானவைகள்" என்று வேதம் சொல்வது சும்மா இல்லை.

7. வந்ததை எடை போடுங்கள்

இரண்டு பேர் போ என்பார்கள், இரண்டு பேர் வேண்டாம் என்பார்கள். இங்கே பலர் குழம்பி, எல்லாவற்றையும் மூடிவைத்துவிட்டுப் பழையபடி தோன்றியதைச் செய்கிறார்கள். தலைகளை எண்ணாதீர்கள். ஒவ்வொருவர் சொன்னதையும் மூன்றாகப் பிரித்து எழுதுங்கள்: அவர் தந்த தகவல், அதிலிருந்து அவர் எடுத்த முடிவு, அதன் பின்னால் இருக்கிற அவருடைய பயம் அல்லது ஆசை.

அப்போஸ்தலர் 21 இதற்கு மிக நல்ல பாடம். அகபு என்ற தீர்க்கதரிசி பவுலின் கச்சையை எடுத்துத் தன் கைகால்களைக் கட்டிக்கொண்டு, இதன் சொந்தக்காரனை எருசலேமில் இப்படிக் கட்டுவார்கள் என்றான். அது தகவல். கூட இருந்தவர்கள், போக வேண்டாம் என்று அழுதார்கள். அது அவர்கள் அன்பினால் எடுத்த முடிவு. பவுல் தகவலை மறுக்கவே இல்லை, கட்டப்படுவேன் என்று ஏற்றுக்கொண்டுதான் போனார். ஆகவே முடிவில் வேறுபடலாம், ஆனால் தகவலைத் தள்ளக் கூடாது. நம் உதாரணத்தில் "வெளிநாடே வேண்டாம்" என்ற மாமாவின் முடிவை நீங்கள் ஏற்காமல் போகலாம். "விசிட் விசாவில் போகாதே" என்று திரும்பி வந்தவர் சொன்னதைத் தள்ளினால் அது புத்தியீனம்.

பேச்சுத் திறமையிலும் மயங்க வேண்டாம். 2 சாமுவேல் 17-ல், தன் அப்பா தாவீதுக்கு எதிராகக் கலகம் செய்த அப்சலோம் இரண்டு பேரிடம் யோசனை கேட்கிறான். அகித்தோப்பேலின் யோசனை நேரடியானது, ஊசாயின் யோசனையோ கரடி, சிங்கம், பனி, கடற்கரை மணல் என்று வர்ணனையோடு வந்தது. அப்சலோம் ஊசாயைத் தேர்ந்தெடுத்தான். ஊசாய் தாவீது அனுப்பிய ஆள். அழகாகச் சொல்லப்பட்டதை நோட்டில் ஒரே வரியில் சுருக்கி எழுதிப் பாருங்கள், அப்போதும் நிற்கிறதா?

"கர்த்தர் எனக்குக் காட்டினார், நீ போகணும்" என்று யாராவது சொன்னால்? அவமதிக்காதீர்கள், உடனே டிக்கெட்டும் போடாதீர்கள். தீர்க்கதரிசனங்களை அற்பமாயெண்ணாதிருங்கள் என்று சொன்ன அதே பவுல், எல்லாவற்றையும் சோதித்துப்பார்க்கவும் சொன்னார் (1 தெசலோனிக்கேயர் 5:20, 21). போன் செய்தால் பணத்துக்குத் தீர்க்கதரிசனம் சொல்கிறவர்களிடம் நம் பிள்ளைகள் போவதைப் பார்க்கும்போது எனக்கு மிகவும் வேதனையாக இருக்கிறது, தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள்.

8. தேதிக்குள் நீங்களே முடிவெடுங்கள்

ஆலோசனை சொன்னவர் உங்களுக்காக முடிவெடுக்கவில்லை. "பாஸ்டர் சொன்னார், போனேன்" என்று நாளை சொல்கிற நிலையை வைத்துக்கொள்ளாதீர்கள். முடிவை எழுதி, கீழே அதற்கான இரண்டு மூன்று காரணங்களை எழுதுங்கள். உதாரணத்துக்கு: "இந்த ஏஜென்ட் வேண்டாம். பிள்ளை பிறந்து, பதிவுபெற்ற ஏஜென்ட் வழியாக வேலை விசா வந்தால் மறுபடி யோசிப்பேன். அதுவரை இங்கேயே கூடுதல் வேலை." போகலாமா வேண்டாமா என்று தொடங்கிய கேள்விக்குப் பெரும்பாலும் இப்படி மூன்றாவது பதில்தான் கிடைக்கும்.

"மனசுல சமாதானம் இருக்கு" என்பதை ஒரே ஆதாரமாக வைக்காதீர்கள். தேவனைவிட்டு ஓடிய யோனாவும் கப்பலின் கீழ்த்தட்டில் அயர்ந்து தூங்கினான். சமாதானம் வேண்டும்தான், அது வேதத்தோடும், சேகரித்த தகவலோடும், ஞானமுள்ளவர்கள் சொன்னதோடும் சேர்ந்து வரட்டும். தேதி தாண்டியும் கேட்டுக்கொண்டே இருந்தால், நீங்கள் தள்ளிப்போடுகிறீர்கள் என்று அர்த்தம்.

9. சொன்னவர்களிடம் திரும்பிப் போங்கள்

இதைக் கிட்டத்தட்ட யாருமே செய்வதில்லை. நேரம் ஒதுக்கி ஜெபித்துச் சொன்னவருக்கு, நீங்கள் என்ன செய்தீர்கள் என்பது மூன்றாவது ஆள் வழியாகத் தெரிய வரக் கூடாது. முக்கியமாக, யாருடைய யோசனையை ஏற்கவில்லையோ அவரிடம் முதலில் போங்கள். இல்லாவிட்டால் அவரைப் பார்க்கவே கூச்சப்பட்டு ஒதுங்குவீர்கள், அடுத்த முறை அவரிடம் கேட்க முடியாது, அவரும் வாய் திறக்கமாட்டார்.

நேரில் முடியாவிட்டால் ஒரு குரல் செய்தி போதும்: "மாமா, நீங்க சொன்னதை எழுதி வச்சு யோசிச்சேன். வட்டிக்கு வாங்காதேன்னு சொன்னீங்க, அதை எடுத்துக்கிட்டேன். வெளிநாடே வேண்டாம்னு சொன்னதை மட்டும் இப்போ எடுத்துக்கலை, காரணம் இதுதான். இன்னும் ஆறு மாசத்துல மறுபடி யோசிப்பேன், அப்பவும் உங்ககிட்ட வருவேன்."